ஏற்காட்டுக் குளிரில் கமலா ஆரஞ்சு விதைகள் முளைக்காதது ஏன்?

கேள்வி (ஏற்காடு):
வணக்கம். எங்கள் வீட்டுச் சரிவில் நிற்கும் பழைய கமலா மரம் நுனியிலிருந்து காய்ந்து வருகிறது. என் தாத்தா வைத்த மரம் என்பதால் அதன் வம்சத்தை எப்படியாவது காப்பாற்ற விரும்புகிறேன். 40 விதைகளைக் கழுவி, ஒரு வாரம் வெயிலில் உலர்த்தி, மார்கழியில் பைகளில் ஊன்றினேன். மாசி பிறந்தும் 5 விதைகளே முளைத்துள்ளன. அவற்றுள் ஒரே விதையிலிருந்து மூன்று முளைகள் வந்திருக்கின்றன. என் தவறு எது?

பதில் 1 (காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு):
ஐயா, உலர்த்தியதுதான் முதல் தவறு. எலுமிச்சை இனத்து விதைகள் ஈரம் போனால் உயிரையும் இழந்துவிடும். முளைக்காத ஒன்றைத் தோண்டித் தோலை உரித்துப் பாருங்கள்: கமலாவின் பருப்பு உள்ளே பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் அது செத்துவிட்டது. குளிரும் ஒரு காரணம். ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே இச்செடிகளின் வளர்ச்சி நின்றுவிடும். முளைப்பதற்கோ 25 முதல் 30 டிகிரி வரை மண் சூடு வேண்டும். மரத்தில் பழம் மிஞ்சியிருந்தால், விதைகளை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருந்து பங்குனிக் கடைசியில் ஊன்றுங்கள்.

பதில் 2 (சேலம்):
விதைக்கு இவ்வளவு பாடுபடுவானேன்? தாய்மரத்தின் மொட்டை எடுத்து ஜம்பேரி (வேர்ச்செடியாகப் பயன்படும் ஒருவகை எலுமிச்சை) நாற்றில் ஒட்டினால் மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்குமே.

பதில் 3 (நாற்றங்கால் நடத்துபவர், வாழப்பாடி):
நோயில்லாத மரமாக இருந்தால் அது நல்ல யோசனைதான். ஆனால் நுனியிலிருந்து காய்வது டிரிஸ்டீசா போன்ற நச்சுயிரி நோயாலும் இருக்கலாம். மொட்டை ஒட்டினால் நோயும் கூடவே போகும். டிரிஸ்டீசா விதை வழியாகப் பரவுவதில்லை. அதற்கும் மேலாக, ஒரே விதையிலிருந்து வந்த அந்த மூன்று முளைகளில் பெரும்பாலானவை மகரந்தக் கலப்பின்றித் தாயின் திசுவிலிருந்தே உருவானவை, ஆகவே தாத்தாவின் மரமேதான் அவை. ஒன்றையும் பிடுங்கி எறியாதீர்கள். நான்கு இலை வந்ததும் வேர் அறாமல் தனித்தனிப் பைகளுக்கு மாற்றி, ஓராண்டு கழித்து மற்றவற்றோடு இலையிலும் வளர்த்தியிலும் ஒத்துப்போகாததை மட்டும் விலக்குங்கள். காய்க்க ஏழெட்டு ஆண்டு ஆகலாம், முள்ளும் அதிகமாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
ஒரு விதையை உரித்தேன், பழுப்புதான். மரத்தின் உச்சியில் இன்னும் நான்கு பழங்கள் உள்ளன. நாளை காலை பறித்துவிடுகிறேன். பனிமூட்ட நாட்களில் பைகளுக்குத் தண்ணீர் எவ்வளவு விட வேண்டும்?

பதில் 3:
மேல்மண் விரலுக்கு உலர்வாகத் தெரியும்வரை விடவே வேண்டாம். மூட்டத்தில் ஈரம் தேங்கினால் தண்டு அடியில் அழுகிச் சாய்ந்துவிடும்.