பழைய சஃபாரி ஃபோர் பை ஃபோர் வாங்கலாமா? என்னென்ன பாக்கணும்?

அஞ்செட்டி கொல்லைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஓசூர்ல ஒரு வண்டி பாத்து வெச்சிருக்கேன், டாடா சஃபாரி 2.2 டைகோர், ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரமும் இழுக்கறது), 2012 ஜனவரில ரெஜிஸ்டர் ஆனது, 1,38,000 கிலோமீட்டர், கர்நாடகா நம்பர், ரெண்டாவது ஓனர். 4 லட்சத்து 10 ஆயிரம் சொல்றாங்க.

நான் வேலை பாக்கறது ஓசூர் சிப்காட்ல. வாரம் தவறாம ஊருக்கு போவேன், அஞ்செட்டி தாண்டி எங்க கொல்லை இருக்கு, கடைசி 4 கிலோமீட்டர் மண் ரோடு, நடுவுல ஒரு ஓடை. மழை புடிச்சா செம்மண்ணு வழவழன்னு ஆயிடும், போன கார்த்திகைல அறுத்த கேவுரு மூட்டைய டிராக்டர் உள்ள வர்ற வரைக்கும் 9 நாள் களத்துலயே தார்ப்பாய் போட்டு காவல் காத்தோம். அம்மாவுக்கு முட்டி வலி, ஓடைய நடந்து தாண்ட முடியல. பொழுது சாஞ்சா யானை பயம் வேற, பைக்ல அவங்கள கூட்டிட்டு போக மனசு வரல.

வண்டி பாக்க பளபளன்னு இருக்கு, ஆனா எனக்கு ஃபோர் பை ஃபோர் பத்தி ஒண்ணும் தெரியாது. அஞ்சு வருஷமா சேத்த காசு, தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

பாலக்கோடு ஜீப் பட்டறை:

தம்பி, பெயிண்ட்ட மறந்துடுங்க, அது ரெண்டு நாள் வேலை. பழைய தார்ப்பாய் ஒண்ணு எடுத்துட்டு போய் வண்டிக்கு அடியில படுங்க. சேசிஸ், அதாவது வண்டியோட அடிச்சட்டம், ரெண்டு பக்கமும் முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் டார்ச் அடிச்சு பாருங்க, பாடி உக்கார்ற இடம், சஸ்பென்ஷன் மாட்டுற இடம் இதுலதான் கிராக் விழும், வெல்டிங் வெச்சு மேல கருப்பு அடிச்சிருந்தா நகத்தால சுரண்டி பாத்தாலே தெரிஞ்சிடும். மேல் துரு இருக்கும், அது பரவால்ல, ஸ்க்ரூடிரைவர்ல குத்துனா பொத்துக்கிட்டு போற துருன்னா அந்த வண்டி வேண்டாம்.

அப்படியே முன் ரெண்டு சக்கரத்துக்கும் போற ஆக்ஸில் பூட்ட, அதாவது ஜாயிண்ட்ட மூடியிருக்கற ரப்பர் உறைய பாருங்க, கிழிஞ்சு கிரீஸ் தெறிச்சிருந்தா ஜாயிண்ட்டுக்குள்ள மண்ணு போயிருக்கும். புரொப்பல்லர் ஷாஃப்ட்ட, அதாவது இழுவைய ஆக்ஸிலுக்கு கொண்டு போற நீள தண்ட, கையால புடிச்சு இப்படி அப்படி திருப்புங்க, கிராஸ் பேரிங் போயிருந்தா டொக் டொக்குன்னு ஆடும். கூட ஒரு மெக்கானிக் வந்தா முன் டிஃபரன்ஷியல் (முன் ரெண்டு சக்கரத்துக்கும் இழுவைய பிரிக்கற கியர் பெட்டி), டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னாடிக்கும் பின்னாடிக்கும் பிரிக்கற பெட்டி) ரெண்டுலயும் ஃபில்லர் போல்ட்ட கழட்டி ஒரு விரல் ஆயில் எடுத்து வெயில்ல பாருங்க. மோர் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி உள்ள போயிருக்கு, வெள்ளிப் பொடி மாதிரி மின்னுனா கியர் பல்லு தேயுது. ஆத்துல ஓடைல இறக்குன வண்டிங்கள்ல இத நான் எத்தனையோ பாத்திருக்கேன், ஓட்டுறவங்களுக்கே தெரியறதில்ல.

எஞ்சின் காலைல ஆறின வண்டியாத்தான் ஸ்டார்ட் பண்ணணும், நீங்க போறதுக்கு முன்னாடியே பானெட் சூடா இருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிட்டு வந்துடுங்க. ஓடும்போது ஆயில் ஊத்துற மூடிய திறந்து அது மேலயே சும்மா வைங்க. லேசா புகை வரலாம், மூடி குதிச்சு ஓடுச்சுன்னா பேக் கம்ப்ரஷன், அதாவது எஞ்சின் உள்ள பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் தேஞ்சிருச்சு. நீலப் புகைன்னா ஆயில் எரியுது. டர்போல இருந்து வர்ற ஹோஸ் உள்ள ஆயில் தேங்கி இருக்கான்னும் பாருங்க.

இப்ப முக்கியமானது. இதுல டேஷ்போர்டுல ஒரு நாப் இருக்கும், டூ வீல்ல இருந்து ஃபோர் ஹை (நாலு சக்கரமும் இழுக்கும், வழக்கமான கியர்), ஃபோர் லோ (நாலும் மெதுவா, அதிக இழுவையோட) மாத்தறதுக்கு. ரோடு மேல ஃபோர்ல போட்டு வளைக்காதீங்க, இந்த மாதிரி தேவைப்படும்போது மட்டும் ஃபோர் போடற பார்ட் டைம் சிஸ்டத்துல முன்னாடி பின்னாடி ஷாஃப்ட் ரெண்டும் ஒரே வேகத்துல சுத்தும், தார் ரோட்டுல வளையும்போது சக்கரம் வழுக்க இடமில்லாம மொத்த பாரமும் கியர் மேல வந்துடும். ஒரு மண் காட்டுக்கு கொண்டு போங்க. ஃபோர் ஹை போட்டு ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சு மெதுவா ஒரு வட்டம் அடிங்க. ஸ்டீயரிங் கனமாகி, முன் சக்கரம் மண்ண சுரண்டிக்கிட்டு இழுத்து இழுத்து போனா வேலை செய்யுது. சும்மா வழக்கம் போல வளைஞ்சா வேலை செய்யல, மீட்டர்ல லைட் எரிஞ்சாலும் சரி. அப்புறம் வண்டிய நிறுத்தி நியூட்ரல்ல கிளட்ச் முழுசா அமுக்கிட்டு ஃபோர் லோ. அடியில டக்குன்னு ஒரு சத்தம் வரணும், லைட் நின்னு எரியணும். ஃபர்ஸ்ட் கியர் போட்டு ஆக்ஸிலரேட்டர்ல கால் வைக்காம கிளட்ச்ச விட்டா வண்டி எருமை மாதிரி நிதானமா மேடு ஏறணும். லைட் சிமிட்டிக்கிட்டே இருந்தா ஷிஃப்ட் மோட்டாரோ ஒயரிங்கோ போயிருக்கு. வருஷக்கணக்கா அந்த நாப்ப தொடாமலே வெச்சிருப்பாங்க, அதுலயே இறுகிடும்.

சித்தேரி மலையான்:

மேல அண்ணன் சொன்ன லைட் விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. நான் ஒரு பழைய ஃபோர் பை ஃபோர் வாங்குனேன், எந்த கம்பெனின்னு வேண்டாம். நாப் திருப்புனா லைட் எரியும், அதையே நம்பிட்டேன். அரூர்ல இருந்து சித்தேரி போற வழியில மழைல சேத்துல மாட்டுனப்ப ஃபோர் போட்டா பின் சக்கரம் மட்டும் சுத்துது, முன்னாடி அசையவே இல்ல. அப்புறம் பட்டறைல தூக்கி பாத்தா முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டே கிடையாது, பழைய ஓனர் சத்தம் வருதுன்னு கழட்டி தூர வெச்சிட்டாரு. குனிஞ்சு பாத்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, நாலு டயரும் ஒரே சைஸ், ஒரே அளவு தேய்மானமா இருக்கணும், ரெண்டு புதுசு ரெண்டு மொட்டைன்னா ஃபோர்ல போட்டதும் சிஸ்டம் முறுக்கிக்கும். டயர் ஓரத்துல ஒரு நாலு எண் இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. ஸ்டெப்னியயும் பாருங்க, இதுல பின் கதவுலயே தொங்கும், அந்த பாரத்துல கதவு கீல் இறங்கி சாத்தும்போது இடிக்கும்.

ஆனா கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, 4 கிலோமீட்டர் மண் ரோட்டுக்கு ரெண்டு டன் கிட்ட வண்டி தேவையா? நல்ல டயர் போட்ட டூ வீல் டிரைவ் பொலிரோ செலவு கம்மி.

ஓசூர் பேப்பர் வேலை:

பேப்பர் பத்தி சொல்றேன். கர்நாடகா வண்டின்னா அங்க ஆர்டிஓல இருந்து என்ஓசி (ஆட்சேபணை இல்லைன்னு சான்று), ஃபார்ம் 28, இங்க வந்து நம்ம ஊர் லைஃப் டாக்ஸ் கட்டி புது நம்பர் வாங்கணும், அந்த செலவு யார் தலைலன்னு இப்பவே பேசிடுங்க. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி லோன் இருக்கான்னு ஆர்சில பாருங்க, இருந்தா பேங்க் என்ஓசியோட, லோன் முடிஞ்சிருச்சுன்னு காட்டற ஃபார்ம் 35 வேணும். சேசிஸ் நம்பர சேசிஸ்லயே தொடச்சு ஆர்சியோட ஒத்து பாருங்க. இந்த வண்டிக்கு 2027 ஜனவரில 15 வருஷம் முடியுது, அப்புறம் எஃப்சி (வண்டி தகுதிச் சான்று) காட்டி ரினியூ பண்ணா 5 வருஷம்தான் கிடைக்கும். விலை பேசும்போது இதுதான் உங்க பிடி.

பாலக்கோடு ஜீப் பட்டறை:

சித்தேரி தம்பி, தார் ரோட்டுக்கு நீங்க சொல்றது சரி. ஓடைல இறங்கி ஈரச் செம்மண் கரைல மூட்டையோட ஏறணும்னா ஃபோர் லோ இல்லாம கிளட்ச் கருகும், அந்த பக்கத்து வண்டிங்க என்கிட்ட வருது, எனக்கு தெரியும். கொல்லைக்காரர் தம்பி, டெஸ்ட் டிரைவ்க்கு தேன்கனிக்கோட்டைல இருந்து அஞ்செட்டிக்கு இறங்கி திரும்ப ஏறுங்க. இறக்கத்துல பிரேக், ஏத்தத்துல டெம்பரேச்சர் முள், ரெண்டும் அதுலயே தெரிஞ்சிடும்.

அஞ்செட்டி கொல்லைக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை காலைல தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன கூட்டிட்டு போனேன். எஞ்சின் ஆறித்தான் இருந்துச்சு, மூடி குதிக்கல, சேசிஸ் சுத்தம். முன் ஷாஃப்ட் இருக்கு. இடது பக்க பூட் கிழிஞ்சிருக்கு. மண்ணுல ஃபோர் ஹை போட்டு ஒடிச்சேன், நீங்க சொன்ன மாதிரியே இழுத்து சுரண்டுச்சு, அந்த நிமிஷம் அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. ஆனா ஃபோர் லோ விழல, லைட் சிமிட்டிக்கிட்டே இருந்துச்சு. ஓனர் இதுவரைக்கும் போட்டதே இல்லன்னு சொல்றாரு. 3 லட்சத்து 60க்கு கேட்டிருக்கேன், யோசிச்சு சொல்றேன்னாரு.

பாலக்கோடு ஜீப் பட்டறை:

விலை முடியறதுக்கு முன்னாடி ஃபோர் லோவ அவரே சரி பண்ணி தரணும்னு சொல்லுங்க, குறைச்சு தர்றேன்னு சொன்னாலும் ஒத்துக்காதீங்க. மோட்டார் மட்டும்தானா, உள்ள கியர தள்ளி மாத்தற ஃபோர்க்கும் போச்சான்னு திறந்து பாத்தாதான் தெரியும், அந்த ரிஸ்க் உங்களுக்கு வேண்டாம். சரியானதும் திரும்ப மண்ணுல போட்டு பாத்துட்டு அப்புறம் பணம் குடுங்க.