ஒட்டன்சத்திரம் தெருக்கள் வங்கக் கடலில் போய் விழுகின்றன – ஓஎஸ்எம்மில் ஏற்ற உதவி தேவை

சந்தைப்பேட்டை:
வணக்கம். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (ஓஎஸ்எம், யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடம்) ஒழுங்காகக் கொண்டுவர ஆசை. கேரளாவுக்குக் காய் ஏற்ற வரும் லாரி செல்பேசியை நம்பிச் சந்துக்குள் நுழைந்துவிட்டு, ரிவர்ஸிலேயே வெளியே வருவது இங்கே அடிக்கடி நடக்கும். தெரிந்த சர்வேயர் ஒருவர் தன் ஆர்வத்துக்காக அளந்து வைத்திருந்த ஷேப்ஃபைலைக் (வரைபடத் தரவுக் கோப்பு) கொடுத்திருக்கிறார். தெருவின் நடுக்கோடு, அகலம், பெயர் எல்லாம் இருக்கிறது. பல இடங்களில் வீட்டுக்காரர் பெயர்கூட இருக்கிறது.

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்தால் ஊரே திருகோணமலைக்கு வடகிழக்கே நடுக்கடலில் மிதக்கிறது. எந்த ஆய முறை என்று சொல்லும் பிஆர்ஜே கோப்பு வரவில்லை. சர்வேயரைக் கேட்டால் "யூடிஎம்தான், 44 போடுங்க" என்கிறார் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறையாம்). அப்புறம், தெருப் பெயர்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகின்றன. என்ன செய்யலாம்?

மீட்டர்கோல்:
பெயர் போன்ற அட்ரிபியூட்டைப் பிறகு பார்க்கலாம் தம்பி. ஏதாவது ஒரு புள்ளியின் எக்ஸ், ஒய் மதிப்பைச் சொல்லுங்கள்.

சந்தைப்பேட்டை:
எக்ஸ் 8 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஒய் 11.6 லட்சம் வாக்கில்.

மீட்டர்கோல்:
அப்படியானால் அது 43தான். யூடிஎம் மண்டலங்கள் 6 பாகை அகலம் கொண்டவை. 43க்கும் 44க்கும் எல்லை 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை. அது தமிழ்நாட்டுக்கு நடுவிலேயே போகிறது. சென்னை, திருச்சி, மதுரை எல்லாம் 44இல் வருவதால் தமிழ்நாடு என்றாலே 44 என்று பலரும் போட்டுவிடுகிறார்கள். ஒட்டன்சத்திரம் ஏறத்தாழ 77.75இல் இருக்கிறது, ஆகவே 43. உங்கள் மாவட்டத்திலேயே நத்தம் 44இல் வந்துவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

எக்ஸைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு மண்டலத்திலும் நடுக்கோட்டுக்கு 5 லட்சம் மீட்டர் என்று வைத்து எண்ணுவார்கள். 43க்கு நடுக்கோடு 75 பாகை, அதிலிருந்து நீங்கள் 300 கி.மீ. கிழக்கே இருக்கிறீர்கள், அதனால்தான் 8 லட்சம். 44ஆக இருந்திருந்தால் 1.44 லட்சம் போல வந்திருக்கும். மண்டலத்தை ஒன்று மாற்றிக் கொடுத்தால் ஊர் 6 பாகை, அதாவது 650 கி.மீ. தள்ளிப் போய்விடும். கடல் வந்த கதை அதுதான்.

லேயருக்கு ஈபிஎஸ்ஜி 32643 (யூடிஎம் 43 வடக்கின் குறியீட்டு எண்) என்று கொடுங்கள். அதன் பிறகு எக்ஸ்போர்ட் செய்யும்போது 4326 (அட்ச, தீர்க்கப் பாகைகள்) தேர்ந்தெடுங்கள். லேயரின் சிஆர்எஸ்ஸையே (ஆய முறையையே) நேராக 4326 ஆக்கிவிடாதீர்கள். அது எண்களை மாற்றாது, பெயர்ப்பலகையை மட்டும்தான் மாற்றும்.

கீற்று:
இடையில் ஒன்று. சிஎஸ்வி அட்டவணையாக மாற்றுகிறவர்கள் அட்சத்தையும் தீர்க்கத்தையும் இடம் மாற்றிப் போட்டால் நம்ம ஊர்ப்பக்கமெல்லாம் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். வங்கக் கடல் எவ்வளவோ தேவலை :)

சந்தைப்பேட்டை:
43 கொடுத்ததும் சந்தை சந்தையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. நன்றி அண்ணா! பெயர்களையும் கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடு ஆக்கிவிட்டேன், யூனிகோடுக்கு முந்தைய பாமினி வகை எழுத்துரு போல. ஆனால் சேமித்துவிட்டுத் திறந்தால் நீளமான பெயர்கள் அறுந்துபோகின்றன. "பேருந்து நிலைய மேற்குத் தெரு" என்பது "பேருந்து நிலைய மேற" என்று நிற்கிறது. புள்ளிகூட இல்லை.

கீற்று:
அந்தப் புலத்தின் (ஃபீல்டின்) அகலம் 50 என்று இருக்கும், பாருங்கள். ஷேப்ஃபைலில் விவரங்கள் இருக்கும் டிபிஎஃப் கோப்பு அதை எழுத்தாக எண்ணாது, பைட்டாக எண்ணும். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. "மேற" வரைக்கும் மிகச் சரியாக 50 பைட் ஆகிறது, அடுத்து வர வேண்டிய புள்ளிக்கு இடமில்லை. புலத்தை 254 வரை அகலப்படுத்தலாம். நான் செய்வது, ஷேப்ஃபைலையே விட்டுவிட்டு ஜியோபேக்கேஜ் என்ற வேறு கோப்பு வடிவத்துக்கு மாறிவிடுவது. இத்தனை வருடமாக ஷேப்ஃபைலைக் கட்டிக்கொண்டு அழுவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

ஓரக்கோடு:
எல்லாரும் தொழில்நுட்பத்திலேயே நிற்கிறீர்கள். உரிமம் என்ன ஆச்சு? ஓஎஸ்எம் தரவு 2012 செப்டம்பர் முதல் ஓடிபிஎல் (திறந்த தரவுத்தள) உரிமத்தில் வெளியாகிறது. சர்வேயர் அந்த உரிமத்தில் வெளியிடச் சம்மதம் என்று எழுத்தில் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் "எடுத்துக்கோப்பா" என்பது போதாது. அவர் சிசி பை 4.0 (பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம் என்னும் உரிமம்) என்று கொடுத்தாலும் கூடுதல் அனுமதி வாங்குவது ஓஎஸ்எம் வழக்கம். இன்னொன்று, அவர் அளந்தது உண்மையிலேயே சொந்தச் செலவிலா, வேறு யாருக்காவது வேலையாகச் செய்ததா என்று கேளுங்கள். வேலைக்காக என்றால் அனுமதி தர வேண்டியவர் அவர் இல்லை.

வீட்டுக்காரர் பெயர்ப் புலத்தை இன்றே அழியுங்கள். அது ஓஎஸ்எம்மில் வரவே கூடாது.

சந்தைப்பேட்டை:
சொந்த ஆர்வம்தான், கடிதம் வாங்கிவிடுகிறேன். பெயர் இல்லாத சந்துகள் கொஞ்சம் இருக்கின்றன. கூகுள் மேப்பைப் பார்த்து நிரப்பலாமா?

ஓரக்கோடு:
கூடவே கூடாது. நடந்து போய்ப் பலகையைப் பாருங்கள், அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். பலகையில் தமிழில் இருப்பதை நேம்:டிஏ (தமிழ்ப் பெயர்) டேக்கில் போடுங்கள். நேம் டேக்கில் ஆங்கிலம் என்பது இந்தியாவில் இப்போதைய வழக்கம்.

மீட்டர்கோல்:
மொத்தமாக ஏற்றிவிட வேண்டாம். ஏற்கெனவே யாரோ செயற்கைக்கோள் படம் பார்த்து வரைந்த கோடுகள் இருக்கும், அவற்றின் மேல் உங்கள் கோடும் விழுந்தால் ஒரே தெரு இரண்டாகிவிடும். இறக்குமதி (மொத்தமாக ஏற்றுவது) என்றால் முன்கூட்டியே சமூகத்தில் அறிவித்து, விக்கியில் திட்டம் எழுதி, தனிக் கணக்கிலிருந்து செய்ய வேண்டும் என்பது விதி. முதலில் ஜோசம் என்ற ஓஎஸ்எம் திருத்தும் மென்பொருளில் உங்கள் கோப்பை ஒரு லேயராக வைத்து, தெருத் தெருவாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிங் செயற்கைக்கோள் படத்தோடு சில மீட்டர் விலகினால் பதறி உங்கள் கோட்டை நகர்த்தாதீர்கள். படமே நகர்ந்திருக்கலாம், ஜிபிஎஸ் தடங்களோடு பொருத்திப் பாருங்கள்.

சந்தைப்பேட்டை:
சரி அண்ணா. கடைசியாக ஒன்று. சந்தைக்குப் பின்னால் உள்ள குறுகிய சந்துகளில் லாரிக்குத் தடை என்று குறித்துவிடலாமா? அதற்காகத்தானே இவ்வளவும்.

மீட்டர்கோல்:
தடைப் பலகை இருந்தால் குறியுங்கள். இல்லாத தடையை நாம் போட முடியாது. சர்வேயர் அளந்த அகலம் இருக்கிறதே, அதை மீட்டரில் போடுங்கள். லாரிக்கென்று வழி கணிக்கும் செயலி அதைப் படித்தால் ஒதுங்கிக்கொள்ளும்.