பெயின்ட்பிரஷ் பூ: இனம் காண்பதும் விதைத்து வளர்ப்பதும்

டெக்சஸ், ஆஸ்டின் பக்கம்

பெயின்ட்பிரஷ் என்பது காஸ்டிலெஜா என்ற பேரினத்துக் காட்டுப்பூக்களின் பொதுப்பெயர். மார்ச், ஏப்ரலில் சாலையோரம் ப்ளூபானட் என்ற நீலக் காட்டுப்பூவுக்கு நடுவே செக்கச்செவேலென்று நிற்பது பெரும்பாலும் அதில் ஓர் இனமான காஸ்டிலெஜா இண்டிவிசா. ஒரு முழத்தைத் தாண்டாது. சிவப்பாகத் தெரிவது பூ இல்லை, பூவடிச்செதில், அதாவது பூவுக்கு அடியில் வரும் இலை மாதிரியான பகுதி. ஒன்றை மெல்ல விலக்கினால் உள்ளே வெளிர்பச்சையில் ஒல்லியான குழாயும், அதன் நுனியில் சின்ன உருண்டையாகச் சூல்முடியும் இருக்கும். பூ அதுதான். நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்; இதிலேயே எப்போதாவது வெள்ளையும் மஞ்சளும் வரும். இலையைப் பாருங்கள். நீளமாக, பிளவில்லாமல் இருந்தால் இண்டிவிசா. சுண்ணாம்புக்கல் மேட்டில், இலை விரல் விரலாகப் பிரிந்து, வருடா வருடம் அதே தூரிலிருந்து துளிர்த்தால் பர்பூரியா என்ற இன்னோர் இனம்.

விதைப்பு செப்டம்பர் முதல் நவம்பர் வரை. விதை தூசி போல இருக்கும், கையால் அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு காய்ந்த மணல் கலந்துகொள்ளுங்கள். தரையை ரேக்கால் லேசாகக் கீறி, தூவி, காலால் மிதித்து அழுத்தினால் போதும். மண் போட்டு மூட வேண்டாம்.

பலர் கெடுப்பது இதற்கு முந்தைய கட்டத்தில். புல் பூண்டு எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு விதைக்கிறார்கள். இது அரை ஒட்டுண்ணி. பச்சை இலையால் உணவு தயாரித்தாலும், தண்ணீரையும் சத்தையும் பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டித்தான் உறிஞ்சும். தனியாக விட்டாலும் வளரும், ஆனால் சோனியாக. ப்ளூபானட் விதையையும் கூடவே தூவுங்கள். அதன் வேரிலிருந்து கசப்பான ஆல்கலாய்டும் இதற்குள் ஏறுவதால் பூச்சி கடிப்பது குறைகிறது.

கொலராடோ, டென்வர்

இங்கே கதை வேறு. இன்டெக்ரா போன்ற பல்லாண்டு இனங்களுக்குக் குளிர் படாமல் விதை விழிக்காது. நவம்பரில் வெளியே தூவிவிடலாம். தொட்டியில் என்றால், ஈரமணலில் விதையைக் கலந்து ஜிப் பையில் போட்டு, ஃபிரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸ் அளவில் 6 முதல் 8 வாரம். மணல் நசநசவென்று இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பிழிந்தால் சொட்டக் கூடாது.

துணைச்செடிக்கு ப்ளூ கிராமா புல் நல்லது. இரண்டும் நாற்றாக இருக்கும்போதே ஒரே தொட்டியில், ஒரு அங்குல இடைவெளியில் வையுங்கள். புல் நிழல் கட்டினால் பெயின்ட்பிரஷ் அடியிலேயே அழுகும், ஆகவே புல்லை மூன்று அங்குலத்துக்குக் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கலவையில் பாதி கரட்டு மணல் அல்லது பொடிக்கல். உரம் வேண்டாம், உரம் போட்டால் கொழுப்பது புல்தான். தரைக்கு மாற்றும்போது மண்கட்டி உடையாமல் இரண்டையும் சேர்த்தே இறக்குங்கள். காட்டிலிருந்து தோண்டிக் கொண்டுவருவது பிழைக்காததும் இதனால்தான்: வேரிணைப்பு அறுந்துவிடும்.

இல்லினாய்

இங்கே வளரும் கோக்சினியா இனத்துக்கு ஒரு சேர்ப்பு. முதல் வருடம் தரையோடு ஒட்டிய இலைக்கொத்து மட்டும் வரும். களை என்று பிடுங்கிவிடுவார்கள்! அடுத்த வருடம் பூத்துக் காய்த்ததும் செடி செத்துவிடும், அதனால் விதை தானாக விழுந்தால்தான் தொடரும். காய் பழுப்பாகி நுனி வெடிக்கும்வரை புல்வெட்டியைத் தொடாதீர்கள். உயரப் புல் அடர்ந்த இடம் ஆகாது.

வாஷிங்டன் மாநிலம்

இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு: மஞ்சள் நிற லெவிசெக்டா இனம் 1997இல் அழியும் அபாயப் பட்டியலில் சேர்ந்து, 2023இல்தான் வெளியே வந்தது. அது மீட்கப்பட்ட புல்வெளிகளுக்கு அருகே ஹிஸ்பிடா இனத்தை நடாதீர்கள். இரண்டும் கலந்து கலப்பினம் உண்டாகும்.

சேலம்

நம்மூர்ச் சோளத்திலும் கரும்பிலும் வரும் சுடுமல்லி இதே குடும்பம்தான். ஆனால் அதன் விதை, பயிர் வேர் கசியவிடும் பொருளின் வாடை பட்டால்தான் முளைக்கும். பெயின்ட்பிரஷ் விதைக்கு அது தேவையில்லை. குளிரும் ஈரமும் போதும், துணை முளைத்த பிறகு கிடைத்தால் சரி.

டென்வர், மறுபடியும்

பூவைச் சாலடில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், செலினியம் உள்ள மண்ணில் இது அதைச் சேர்த்துவைக்கும், அது அதிகமானால் நஞ்சு. நம்மூர்த் தேன்சிட்டு போலத் தேன் குடிக்கும் ஹம்மிங்பேர்டுக்கு விட்டுவிடுங்கள்.