மறு: லார்ட் டெபுட்டி, லார்ட் லெப்டினன்ட் – தமிழில் என்ன?

ஐயா,

நம் அகராதியில், இங்கிலாந்து அரசர் சார்பில் அயர்லாந்தை ஆண்டவர்களின் பதவிகளில் லார்ட் லெப்டினன்டுக்குத் துணைநிலை ஆளுநர், லார்ட் டெபுட்டிக்குத் துணை ஆளுநர் என்று போட்டிருக்கிறீர்கள். முதலாவது எனக்கு ஒட்டவே இல்லை. துணைநிலை ஆளுநர் என்றதும் நம் ஆட்களுக்குப் புதுச்சேரிதான் ஞாபகம் வரும். டப்ளின் கோட்டையில் இருந்த லார்ட் லெப்டினன்டுக்கு மேலே அந்த நாட்டில் வேறு ஆளுநரே கிடையாது, கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்து அரசர்தான். இன்னொருவர் இடத்தில் இருப்பவர் என்பதுதான் லெப்டினன்ட் என்ற பிரெஞ்சுச் சொல்லின் பொருளே. நம்மூரில் திப்புவோடு சண்டை போட்ட காரன்வாலிஸ்தான் 1798ல் லார்ட் லெப்டினன்டாக டப்ளின் போனார். இந்தியாவில் தலைமை ஆளுநராக இருந்தவரை அங்கே துணைநிலை ஆக்கினால், படிக்கிறவர் ஏதோ தவறு செய்து பதவி இறக்கிவிட்டார்கள் போல என்று நினைப்பார். அங்கேயும் பிற்காலத்தில் வைஸ்ராய் என்றே சொன்னார்கள், பீனிக்ஸ் பூங்காவில் அவர் இருந்த மாளிகைக்கே வைஸ்ரீகல் லாட்ஜ் என்று பெயர். நாம் வைஸ்ராய்க்கு எழுதும் அரசப் பிரதிநிதி போதும், புதிதாக எதுவும் வேண்டாம்.

டெபுட்டிதான் சிக்கல். துணை என்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் லெப்டினன்ட் பட்டத்தைப் பல சமயம் அரச குடும்பத்தில் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், அவர் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டார். 1494ல் பட்டம் பெற்ற இளவரசர் ஹென்றிக்கு வயது மூன்று! வேலையைப் பார்க்கப் போனவர் டெபுட்டி எட்வர்ட் பாய்னிங்ஸ். அதற்கு முன்னால் டெபுட்டியாக இருந்த கில்டேர் பிரபு ஜெரால்ட் என்பவரோ 1487ல் லாம்பர்ட் சிம்னெல் என்ற பையனுக்கு டப்ளின் கிறிஸ்து தேவாலயத்தில் முடி சூட்டி, இவன்தான் இங்கிலாந்துக்கு அரசன் என்று அறிவித்த கூட்டத்துக்கே தலைவர். அப்படியும் இங்கிலாந்து அரசர் ஏழாம் ஹென்றி மன்னித்துவிட்டார். இடையில் பதவியைப் பிடுங்கினாலும் 1496ல் மறுபடி அவரிடமே கொடுத்தார், 1513ல் சாகும்வரை அவர்தான். இந்த ஆளைப் போய்த் துணை என்றா எழுதுவது?

டெபுட்டிக்கு நான் சொல்வது பதிலாளுநர். வேலைக்கு வர முடியாதவர் பதில் ஆள் அனுப்புகிறார் இல்லையா, அதே பதில். அது அரபிலிருந்து வந்தது என்று யாரும் கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், தெரியும்.

எனக்கு உள்ள ஒரே தயக்கம் இலங்கை வழக்கு. அங்கே பதில் நீதவான், பதில் அமைச்சர் என்றால் தற்காலிகமாகப் பார்ப்பவர். கில்டேரைப் பற்றிப் படிக்கும்போது நாலு நாள் பொறுப்பில் இருந்தவர் என்று தோன்றிவிடுமோ? சேர்த்து எழுதினால் அந்தக் குழப்பம் வராது என்பது என் எண்ணம், ஆனால் ஈழத்து நண்பர்கள் சொல்லட்டும், அதுவரை அகராதியில் ஏற்ற வேண்டாம்.