ஸ்டீல் குழாயும் அலுமினிய காயிலும் ஒரே சில்லர் சுற்றில்: பிஎச் எவ்வளவு வைப்பது?

பீன்யா_மெயின்டெனன்ஸ்:
பெங்களூரு பீன்யாவில் மூடிய சில்லர் தண்ணீர்ச் சுற்று. மைல்ட் ஸ்டீல் குழாய், நடுவில் சில அலுமினிய காயில்கள். பிஎச் 7.2. வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனை வைத்து அளந்தால் ஸ்டீல் −0.60 வோல்ட். இரும்பின் பூர்பே வரைபடத்தில் (எந்த பிஎச்சில், எந்த மின்னழுத்தத்தில் உலோகம் கரையும், கரையாது என்று காட்டும் படம்) இந்தப் புள்ளி, உலோகம் கரையாத பகுதியின் விளிம்பை ஒட்டி விழுகிறது. ஆனாலும் தண்ணீர் பழுப்பாகவே வருகிறது. காஸ்டிக் சோடா போட்டு பிஎச்சை 10-க்கு ஏற்றலாமா?

துருநோக்கி:
முதலில் அளவீட்டைச் சரிசெய்யுங்கள் சார். வரைபடத்தின் செங்குத்து அச்சு ஹைட்ரஜன் மின்முனையை வைத்துப் போடப்பட்டது. நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய உங்கள் மின்முனைக்கு 0.197 கூட்ட வேண்டும். அப்போது −0.40 வரும். ஃபெரஸ் அயனி (தண்ணீரில் கரைந்த இரும்பு) 10⁻⁶ மோல்/லிட்டர் என்று கொண்டால், பிஎச் 7.2-இல் இரும்பு கரையாமல் இருக்க −0.62-க்குக் கீழே இருக்க வேண்டும். நீங்கள் நிற்பது அரிப்புப் பகுதியின் நடுவில்.

இன்னொன்று: அதே பிஎச்சில் ஹைட்ரஜன் கோடு (இதற்குக் கீழேதான் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வரும்) −0.059 × 7.2, அதாவது −0.425. உங்கள் புள்ளி அதற்கு மேலே. ஆகவே இரும்பைத் தின்பது கரைந்த ஆக்சிஜன். முழுக்க மூடிய சுற்றில் அது சில நாளில் தீர்ந்துபோகும். தீரவில்லை என்றால் எங்கோ காற்றோ புதுத்தண்ணீரோ புகுகிறது. நிரப்பும் குழாயில் ஒரு மீட்டர் போட்டுப் பாருங்கள். பம்ப் சீல், விரிவுத் தொட்டி அழுத்தம் இரண்டையும் சோதியுங்கள்.

காயில்காரர்:
10-க்கு ஏற்றவே ஏற்றாதீர்கள். ஸ்டீலுக்கு அது நல்லதுதான், 9-க்கு மேல் ஆக்சைடு படலம் நிற்கும். அலுமினியத்தின் படலம் நிலைப்பதோ ஏறக்குறைய 4 முதல் 8.5 வரை. அதைத் தாண்டினால் அலுமினேட்டாகக் கரையும். பிஎச் ஒன்று ஏறினால் கரைதிறன் 10 மடங்கு. ஸ்டீலுக்கு நல்லதான 9-க்கு மேற்பட்ட பிஎச்சும் அலுமினியத்தின் 8.5 வரம்பும் ஒன்றோடொன்று சேராது.

பீன்யா_மெயின்டெனன்ஸ்:
அப்படியானால் நைட்ரைட் (துருத்தடுப்பு ரசாயனம்) போதுமா?

காயில்காரர்:
ஸ்டீலுக்கு உதவும், அலுமினியத்துக்கு அவ்வளவு பயனில்லை. பிஎச் 8–8.5, அலுமினியத்துக்கும் ஏற்ற இன்ஹிபிட்டர் (அரிப்புத் தடுப்பான்), அதோடு ஆக்சிஜனை அடைப்பது. முடிந்தால் அலுமினியத்தை ஒரு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (தண்ணீர் கலக்காமல் வெப்பத்தை மட்டும் மாற்றும் கருவி) வழியாகத் தனிச் சுற்றாக்குங்கள். நான் அதைத்தான் விரும்புவேன்.

துருநோக்கி:
சுற்றில் செம்பு இருந்தால் அதையும் கவனியுங்கள். கரைந்த செம்பு அலுமினியத்தில் படிந்து குழி விழச் செய்யும். செம்பைக் காக்கும் அசோல் வகை இன்ஹிபிட்டர் சேர்க்க வேண்டும். போர்வெல் தண்ணீர் நிரப்பினால் குளோரைடையும் சோதியுங்கள். சாதாரண இரும்பு–நீர் வரைபடத்தில் குளோரைடு கிடையாது, படலத்தைத் துளைப்பதோ அதுதான். வேகத்தையும் வரைபடம் சொல்லாது. ஸ்டீல், அலுமினியம் இரண்டிலும் எடை பார்த்த கூப்பன்களை (சிறு உலோகத் துண்டுகள்) 60–90 நாள் தொங்கவிட்டால் தெரியும்.