‘போர்ட்ஹோல்’: இடுதுளையா, புழையா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் உள்ள கல்திட்டைகளை (இறந்தோருக்காகப் பலகைக்கற்களை நிறுத்திக் கட்டிய பழங்காலக் கல்லறைகளை) பார்க்க வருவோருக்கான கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. கல்வட்டம், கற்பதுக்கை (மண்ணுக்குள் அமைத்த கல்லறை), மூடுகல் (மேலே கூரையாக வைத்த கல்) என்ற சொற்களில் சிக்கலில்லை. பலகைக்கல்லில் வட்டமாகக் குடைந்த துளையான ‘போர்ட்ஹோல்’தான் நிற்கிறது. அதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லை இடலாம்? பள்ளிப் பிள்ளைகளுக்கும் விளங்க வேண்டும்.

*

ஐயா, தொல்லியலார் எழுத்தில் ‘இடுதுளை’ நிலைத்துவிட்டது. இடுகாடு போல வினைத்தொகை. எலும்பையும் படையலையும் உள்ளே இட்ட வழி. 1947-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த கர்நாடகத்துப் பிரம்மகிரியிலும் துளை கிழக்குப் பலகையில்தான். இருக்கும் சொல்லை விட்டுப் புதிது எதற்கு?

*

> உள்ளே இட்ட வழி

இங்கேதான் மாறுபடுகிறேன். ‘இடு’ என்றதும் பயன் இதுதான் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வடிவத்தை மட்டும் சொல்லும் ‘புழை’ போதும். சிறுவாயில், உட்டுளை இரண்டுக்கும் பொருந்தும். புழல், பூழை எல்லாம் ஒரே வேர். துதிக்கையில் துளை இருப்பதால்தானே யானை ‘புழைக்கை’ ஆயிற்று! மலையாளத்தில் ஆற்றைப் ‘புழ’ என்பதும் இதன் கிளையே என்பது என் துணிபு.

*

ஆறு வேண்டாம் ஐயா, திட்டைக்கே வருவோம். ‘புழை’யைப் பிள்ளைகள் ‘பிழை’ என்றே படிப்பார்கள். இறந்தோரை அடக்கும் முறைகளைச் சொல்லும்போது மணிமேகலை ‘தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்’ என்கிறது. துளையைப் பலகை வைத்து மூடியதும் உண்டு. ‘அடைவாய்’ எனலாமே?

*

அடைப்பது கல், வாய் திறப்பு. இரண்டையும் ஒட்டினால் எது எதுவென்று குழம்பும். மூடும் பலகைக்கு ‘அடைகல்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

சொல் எதுவானாலும் கையேட்டில் இது வரட்டும்: துளைக்குள் கையை விடக் கூடாது, பாம்பும் தேளும் இருக்கும். மூடுகல்மேல் ஏறக் கூடாது. ஏனென்றால், திட்டைகள் நிற்கும் வெறும் பாறையில் குழி தோண்ட வழியில்லை. பலகைகளை நிறுத்தி, வெளியே கல்லும் மண்ணும் அணைத்திருப்பார்கள். சுவத்திக (ஸ்வஸ்திகா) குறிபோல் பலகைகளை நிறுத்தும் அமைப்பில் ஒவ்வொரு பலகையின் விளிம்பும் அடுத்ததைத் தாங்கும். புதையல் தேடுவோர் ஒன்றைப் பெயர்த்தால் பக்கத்துப் பலகை சாயும், மூடுகல் சரிந்து உள்ளே விழும். அணைப்புக் கல்லை எடுத்து அடுப்புக் கூட்டினாலும் இதே கதிதான்.

*

நன்றி. பெரும்பாலோர் சொல்வதால் ‘இடுதுளை’ என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். அடைகல்லையும் எச்சரிக்கைகளையும் சேர்த்துவிட்டேன்.

*

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ‘எல்லாத் திட்டைக்கும் இடுதுளை உண்டு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். துளையே இல்லாதவையும் உண்டு. அடுத்த பதிப்பில் புழையை மறுபடி எழுப்புவேன்.