3 வயது குழந்தைக்கு 4 மாதமாக எடை ஏறவில்லை – அடுத்து என்ன டெஸ்ட்?

வேடசந்தூர் பக்கம் அங்கன்வாடி. பெண் குழந்தை, 3 வயது 2 மாதம். ஏப்ரலிலிருந்து 10.4 கிலோவிலேயே நிற்கிறாள். வளர்ச்சி அட்டையில் மஞ்சள் பட்டை (வயதுக்கேற்ற எடை மிதமாகக் குறைவு). கைச்சுற்றளவு 12.8 செ.மீ., ஹீமோகுளோபின் 9.4 (ரத்தசோகை). காய்ச்சல், பேதி, இருமல் இல்லை. தராசை 5 கிலோ படிக்கல் வைத்துச் சரிபார்த்தாச்சு.

பூச்சி மாத்திரை (அல்பெண்டசோல் 400 மி.கி.) கொடுத்தாச்சு. டாக்டர் சொன்ன அளவில் இரும்புச்சத்து சிரப் 2 மாதமாகத் தினமும் போகிறது. மையத்தில் சத்துமாவு, முட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாள்.

வீட்டில்தான் சந்தேகம். அம்மா நூல் மில்லில் ஷிப்ட், பார்த்துக்கொள்வது பாட்டி. சோறு சாப்பிட்ட கையோடு டீயும் வர்க்கியும்; டீ இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. நிறுத்திவிட்டதாகப் பாட்டி சொல்கிறார், டம்ளரில் இன்னும் டீக்கறை இருக்கிறது.

சிறுநீர்த் தொற்று, காசநோய், தைராய்டு: இதில் எதை முதலில் பார்க்கச் சொல்லலாம்?